மலைப்பாதையும் மிதிவண்டி விளக்கும்

(நீலகிரி மாவட்டத்தில் ஊராட்சிப் பெருமக்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நாம் கூடும்போதெல்லாம் சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, சைக்கிளின் முன்னால் மாட்டுகின்ற ஒரு சிறு விளக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். “மலையிலே சைக்கிள் ஏது? அதற்கு விளக்கு வேறா?” என்று சிலர் புன்முறுவல் செய்வது எனக்குத் தெரிகிறது. அந்தப் புன்முறுவலில் நியாயம் உண்டு. 2,637 மீட்டர் உயர்ந்த தொட்டபெட்டாவின் அடிவாரங்களிலே சமவெளியைப் போல் ஆயிரக்கணக்கில் சைக்கிள்கள் ஓடுவதில்லை. ஆயினும் கூடலூர், தொரப்பள்ளி, மசினகுடிப் பக்கங்களில் சைக்கிள் அன்றாட வாகனமே. கேத்திப் பள்ளத்தாக்கின் அடியிலும், தோட்டங்களின் உட்சாலைகளிலும் அதைக் காணலாம். அதற்கும் மேலாக, 11ஆம் வகுப்பு மாணவ மாணவியருக்கு அரசாங்கம் சைக்கிள் வழங்குகிறது. 2001–02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கப்பட்ட இத்திட்டம் பின்னர் மற்றவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. செங்குத்தான ஊர்களில் அச்சைக்கிள்கள் திண்ணையிலே சாய்ந்து நிற்பதும் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பாதை இடங்கொடுக்கும் ஊர்களில் பிள்ளைகள் அவற்றில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் மாலைநேரச் சிறப்பு வகுப்பு முடிந்து அவர்கள் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்து விடுகிறது. பனிமூட்டம் இறங்கிவிட்டாலோ, பொழுது சாயுமுன்னரே இருண்டு விடுகிறது.

இருளில் போவோர் மாணவர் மட்டும் அல்லர். பகலில் பறித்த பச்சைத் தேயிலை மாலையில் தொழிற்சாலைக்கு வந்து, இரவு முழுவதும் வாடற்போடப்பட்டு, விடியுமுன்னரே உருட்டு இயந்திரத்துக்குப் போக வேண்டும். அந்த வேலைக்கு வரும் தொழிலாளி கோழி கூவுமுன் வீட்டை விட்டுப் புறப்படுகிறார். காலைச் சந்தைக்குக் கேரட்டு போய்ச் சேர வேண்டுமானால், அதைப் பிடுங்கப் போகிறவர்களும் இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் கொண்டு செல்பவர்க்கும் அதே கதிதான். இம்மூவருக்கும் வழியிலே துணையாக இருப்பது கையிலோ வண்டியிலோ உள்ள ஒரு விளக்கு மாத்திரமே.

“தெருவிளக்குப் போடுவது ஊராட்சியின் கடமையல்லவா?” என்று கேட்கலாம். கடமைதான். 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவு, கட்டடங்கள் உள்ள பகுதிகளில் பொதுச் சாலைகளுக்கும் பொது இடங்களுக்கும் விளக்கு அமைப்பதை ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. கட்டடங்கள் உள்ள பகுதி என்ற சொற்களைக் கவனியுங்கள். நம் மாவட்டத்தில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே தேயிலைக் காடும் சோலையும் ஓடையும் கிடக்கின்றன. அந்த இடைவெளியில் கம்பம் நட்டு விளக்கேற்றுவது செலவால் மட்டுமன்றிக் காட்டுயிர்களை முன்னிட்டும் எங்கும் செய்யக்கூடியது அன்று. ஆகவே அந்தத் தூரத்துக்குச் செல்பவரே தம் விளக்கைக் கொண்டு செல்ல வேண்டும். எத்தகைய விளக்கு என்பதே இன்றைய பேச்சு.

பழைய விளக்குகள்

முற்காலத்தில் சைக்கிளின் முன்னே மண்ணெண்ணெய் விளக்கு தொங்கிற்று. பிறகு கார்பைடு விளக்கு வந்தது. கால்சியம் கார்பைடு கட்டியின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அசிட்டிலின் வாயு எழும். அதைக் கொளுத்தினால் வெண்மையான சுடர் எரியும். அதன் பின் டயரின் பக்கத்திலே உரசிச் சுழலும் டைனமோ வந்தது. விளக்கில்லாமல் இரவில் சைக்கிள் ஓட்டுவோரைக் காவலர் நிறுத்திச் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிட்ட காலத்தை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மில்லர் டைனமோ வைத்த சைக்கிளுக்கு அக்காலத்தில் ஊரில் தனி மதிப்பு இருந்தது!

டைனமோவைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில், “பாட்டரிச் செலவில்லை, அதுவே சிக்கனம்” என்று இன்றும் சிலர் சொல்லுகிறார்கள். வழக்கமான சைக்கிள் டைனமோ 6 வோல்ட்டில் 3 வாட்டு மின்சாரம் தரும்; அதில் 2.4 வாட்டு முன்விளக்குக்கும் 0.6 வாட்டு பின்விளக்குக்கும் போகும். தஞ்சாவூர்ச் சமவெளியில் ஒரே வேகத்தில் மிதித்துச் செல்பவருக்கு அது நல்ல சாதனம். நம் மலைக்கு அது பொருந்தாது. மேட்டிலே நாம் வண்டியை மிதிப்பதில்லை, தள்ளுகிறோம். தள்ளும்போது சக்கரம் மெதுவாக உருள, விளக்கு மினுக்மினுக்கென்று சிவந்து அணைந்து போகிறது. இறக்கத்திலோ சக்கரம் பாய்ந்து சுழல, மின்னழுத்தம் ஏறிப் பழைய இழைப் பல்பு கருகிவிடுகிறது. மழையில் நனைந்த டயரின் மேல் டைனமோவின் தலை வழுக்கி நின்றுவிடுவதும் உண்டு. சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அமைந்த டைனமோக்கள் இப்போது இருக்கின்றன. வண்டி நின்ற பிறகும் சில நிமிடங்கள் எரியும்படி மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் விளக்குகளும் அவற்றுக்கு உண்டு. அவை சிறந்தவை. ஆனால் விலையைக் கேட்டால் நம்மில் பலர் நடந்தே போய்விடலாம் என்பார்கள்.

எனவே நம் வழிக்கு ஏற்றது பாட்டரியில் எரியும் எல்.இ.டி. விளக்கே என்பது என் முடிவு. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கி அதன் வழியாக வெள்ளை ஒளிக்கும் வழி திறந்த அகசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூவருக்கு 2014இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பழைய 2.4 வாட்டுப் பல்பு சுமார் 30 லூமென் ஒளி தந்தது; இன்றைய எல்.இ.டி. அதே மின்சாரத்தில் அதைப்போல் எட்டுப் பங்குக்கு மேல் தருகிறது.

பெட்டியின் மேலுள்ள எண்

கடையில் விளக்கை எடுத்தால் முதலில் கண்ணில் படுவது அட்டைப் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட லூமென் கணக்கு. லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாப் பக்கமும் புறப்படும் மொத்த ஒளியின் அளவு. கட்டைவிரல் பருமனுள்ள விளக்கின் பெட்டியில் “10,000 லூமென்” என்று போட்டிருப்பதை நானே சந்தையில் கண்டிருக்கிறேன். இதை நம்பலாமா என்று பார்க்கப் பள்ளிக் கணக்கே போதும்.

நம் வீட்டில் எரியும் 9 வாட்டு எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமென் தருகிறது. 10,000 லூமென் என்றால் அத்தகைய பல்புகள் பதினொன்றைச் சேர்த்து எரிப்பதற்குச் சமம்; அதற்கு 100 வாட்டுக்கு அருகில் வேண்டும். இவ்விளக்குகளில் இருப்பதோ பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரே ஒரு லித்தியம் பாட்டரி. அதன் அழுத்தம் 3.7 வோல்ட்டு. நல்ல சரக்கானால் 2,600 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும். இரண்டையும் பெருக்கினால் 10 வாட்டு-மணிக்குச் சற்றுக் குறைவு. 100 வாட்டு எரித்தால் ஆறு நிமிடத்தில் பாட்டரி காலி! உண்மையில் அவ்விளக்கு சில நூறு லூமெனுக்கு மேல் தருவதில்லை. இந்த வகைப் பாட்டரியின் மேல் “9,900” என்று அச்சிட்டிருந்தாலும் அதையும் நம்பாதீர்கள். அந்த அளவுள்ள பாட்டரியில் 3,500க்கு மேல் கொள்வதே அபூர்வம். பொய் எண்ணை அச்சிடுகிறவன் உள்ளே நல்ல சரக்கை வைத்திருப்பான் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகவே எண்ணைப் பார்ப்பதை விட்டு வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். நான் எவ்வளவு தூரத்துக்குள் வண்டியை நிறுத்துவேன்? அத்தனை தூரம் விளக்கு காட்டுகிறதா?

சமதரையில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஆபத்தைக் கண்டு பிரேக்குப் பிடிக்க ஒன்றரை வினாடி ஆகிறதென்று கொள்வோம். அதற்குள் வண்டி 5 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் பின்னர் 2 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 7 மீட்டர். இனி இறக்கத்தைப் பாருங்கள். 100 அடிக்கு 8 அடி இறங்கும் சாலை. மழை பெய்து சக்கர வளையம் நனைந்திருக்கிறது. பிரேக்குக் கட்டை பாதிப் பிடிதான் பிடிக்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகமானால் நிற்பதற்கு ஏறக்குறைய 25 மீட்டர் வேண்டியிருக்கும். 35 கிலோமீட்டர் வேகமானால் 40 மீட்டரையும் தாண்டிவிடும். வேகத்தில் கூடியது பத்தே கிலோமீட்டர். தூரத்தில் கூடியது பதினைந்து மீட்டருக்கு மேல்.

விளக்கின் ஒளியோ தூரத்தோடு மிக வேகமாகக் குறைகிறது. தரையின் மேலோ சுவரின் மேலோ விழும் ஒளியை லக்ஸ் என்னும் அளவால் குறிப்பார்கள். 10 மீட்டரில் 40 லக்ஸ் விழச் செய்யும் விளக்கு, 20 மீட்டரில் 20 அன்று, 10 லக்ஸ் மாத்திரமே தரும். 40 மீட்டரில் இரண்டரை லக்ஸாகச் சுருங்கிவிடும். முழுநிலவின் ஒளி அரை லக்ஸைக்கூட எட்டாது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகையால் இருமடங்கு தூரம் காண நான்கு மடங்கு விளக்கு வேண்டும். அந்த விலையைக் கொடுப்பதைவிட இறக்கத்தில் வேகத்தை 20க்குள் பிடித்துக் கொள்வது எளிது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்; கேட்பார்கள் என்று உறுதி கூற மாட்டேன், ஆனாலும் சொல்லுங்கள்.

ஒளி எங்கே விழுகிறது?

நம் மலைக்கு முக்கியமான சங்கதிக்கு இப்போது வருகிறேன். சாதாரண டார்ச்சு விளக்கின் ஒளி வட்டமாக விழும். வட்டத்தின் கீழ்ப்பாதி சாலையைக் காட்டும். மேற்பாதி மரத்தையும் வானத்தையும் எதிரே வருகிறவர் முகத்தையும் காட்டும். அதாவது நாம் காசு கொடுத்து வாங்கிய ஒளியில் பாதி வீண். வீணானது மட்டுமன்று, தீங்கும் ஆகும். நம் தோட்டச் சாலைகளின் அகலம் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வெட்டு மண், மறுபக்கம் பள்ளம். எதிரே தலையில் விறகோடு வருகின்ற ஒரு தாயின் கண்ணில் அந்த வெள்ளை ஒளி பட்டால், சில வினாடி அவருக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. நம்முடைய விளக்கு பிறரைப் பள்ளத்தில் தள்ளலாமா?

ஜெர்மனியில் சைக்கிள் விளக்குக்குச் சட்டமே இருக்கிறது. முன்விளக்கு 10 மீட்டர் தொலைவில் குறைந்தது 10 லக்ஸ் ஒளி தர வேண்டும். எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி மேல்பக்கத்து ஒளி வெட்டப்பட்டிருக்கவும் வேண்டும். அத்தகைய விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்தால், மோட்டார் கார் விளக்கைப் போல் மேல்விளிம்பு கத்தியால் அறுத்தாற்போல் நேர்கோடாகத் தெரியும். அந்த வடிவமுள்ள விளக்கு 200 அல்லது 300 லூமெனே தந்தாலும், வட்ட ஒளி தரும் பெரிய விளக்கைவிட நன்றாகச் சாலையைக் காட்டும். நம் கடைகளில் இவ்வகை எளிதில் கிடைப்பதில்லை என்பது உண்மை. கேட்பவர் இருந்தால் கடைக்காரர் தருவித்துக் கொடுப்பார். கிடைக்கும்வரை, வட்ட ஒளி விளக்கின் மேற்பாதியில் தகரத்தாலோ கறுப்பு நாடாவாலோ ஒரு சிறு கூரை கட்டுவது பயன் தரும். விளக்குச் சூடேறாதபடி மட்டும் பார்த்துக் கொள்ள வேண்டும். ஒளி பக்கவாட்டில் அகன்று விழுவதும் நமக்கு அவசியம். கொண்டை ஊசி வளைவில் சைக்கிள் திரும்புமுன் அடுத்த அடி எங்கே என்பதை நடு ஒளி காட்டாது. ஓரத்து ஒளிதான் காட்டும்.

பனிமூட்டத்தில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். மூட்டம் என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். விளக்கொளி ஒவ்வொரு துளியிலும் பட்டுச் சிதறி, அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. அதனால் முன்னே வெள்ளைத் திரை தொங்குவது போலாகிறது. விளக்கின் வலிமையைக் கூட்டினால் திரையின் வெளுப்பும் கூடுகிறது. குன்னூர் மலைச்சாலையில் மோட்டார் ஓட்டுநர்கள் மூட்டத்தில் பெரிய ஒளியைத் தணித்துக் கீழ் ஒளியில் செல்வதன் காரணம் இதுவே. மஞ்சள் விளக்கு மூட்டத்தைத் துளைத்துச் செல்லும் என்பது பரவலான நம்பிக்கை. மூட்டத்தின் துளிகள் ஒளியலையைவிட மிகப் பெரியவை. எல்லா நிறத்தையும் அவை ஏறத்தாழ ஒரே மாதிரி சிதறச் செய்கின்றன. நீலம் கலந்த வெளுப்பைவிட மஞ்சள் கலந்த ஒளி கண்ணுக்கு இதமாக இருக்கலாம், அவ்வளவே. நிறத்தைவிட விளக்கின் இடம் முக்கியம். கண்ணுக்கு அருகில் விளக்கு இருந்தால் சிதறிய ஒளி நேரே கண்ணுக்கு வரும். ஆதலால் நெற்றியில் கட்டும் விளக்கு மூட்டத்தில் மிக மோசமானது. கைப்பிடியில் மாட்டியது அதைவிடத் தேவலை. முன்சக்கரத்துக்கு மேலே, கவையின் தலைப்பில் தாழ்வாக மாட்டியதே நல்லது. தாழ்ந்த விளக்கு சாலையின் குழிகளுக்கு நீண்ட நிழல் கொடுத்து அவற்றைக் காட்டிக் கொடுக்கவும் செய்யும்.

தாழ்வாக மாட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் சைக்கிளில் முன்னே கூடை இருக்கிறது. கைப்பிடியில் விளக்கை மாட்டிக் கூடையில் புத்தகப் பையை வைத்தால், விளக்கு பையைத்தான் காட்டும்! தேயிலை மூட்டையை முன்னால் கட்டுகிறவர்க்கும் இதுவே நேரும். கூடையின் முன்விளிம்பிலோ கவையின் தலைப்பிலோ விளக்கைப் பொருத்த எந்தச் சைக்கிள் கடையிலும் ஓர் இரும்புப் பட்டையை வளைத்துக் கொடுப்பார்கள்.

மாட்டிய பின் சாய்வைச் சரி பார்க்க வேண்டும். சுவருக்கு எதிரே 5 மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், ஒளியின் நடு சுவரில் 40 சென்டிமீட்டர் உயரத்தில் விழட்டும். அப்படியானால் ஒளி 10 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். மெதுவாகச் செல்பவர்க்கும் மூட்டத்துக்கும் இது போதும். இறக்கம் மிகுந்த பாதையானால் சுவரில் 60 சென்டிமீட்டருக்கு உயர்த்துங்கள். ஒளி 20 மீட்டர் போகும். அதற்கு மேல் உயர்த்த வேண்டாம்.

மினுக்கி மினுக்கி எரியும் வகையைப் பற்றி ஒரு சொல். நகரத்தில் அந்தி நேரத்தில் பிறர் நம்மைக் காண அது உதவும். இருண்ட பாதையில் அதைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அணையும் கணத்தில் குழி கண்ணுக்குத் தப்பிவிடும்.

வழியில் விலங்கு

விளக்கு பற்றிப் பேசும்போது விலங்கைப் பேசாமல் இருக்க முடியாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் காட்டெருமை தேயிலைச் செடிக்கு நடுவே நிற்கிறது. கரடியும் சிறுத்தையும் ஊர் ஓரம் வருகின்றன. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் யானை சாலையைக் கடக்கிறது. பல விலங்குகளின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. காட்டெருமையையும் சிறுத்தையையும் அந்தக் கண்ணொளியால் தொலைவிலேயே அறியலாம். ஆனால் காட்டுப்பன்றிக்கு அப்படலம் கிடையாது. விளக்கு பட்டாலும் அதன் கண் மின்னாது. யானையின் கரிய உடலோ விளக்கொளியை விழுங்கிவிடும். வளைவு திரும்பியதும் சாலையின் இருட்டு வழக்கத்தைவிடத் தடித்திருப்பதாகத் தோன்றினால் அங்கே நின்றுவிட வேண்டும். ஆகவே கண் மின்னவில்லை, வழி காலி என்று எண்ணிப் பாயக்கூடாது. யானையைக் கண்டால் அதன் முகத்தில் விளக்கை அடித்து விரட்ட முனைவதும் கூடாது. ஓசையின்றித் திரும்பி வர வேண்டும். திரும்பி வரக் கூடிய தூரத்தில் அதைக் காண்பதற்கே விளக்கு; விரட்டுவதற்கு அன்று.

கோவை மாவட்டத்து வால்பாறையில் இதற்கு வேறொரு வகை விளக்கு உண்டு. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தார் வனத்துறையோடும் தோட்டங்களோடும் சேர்ந்து, உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளை அமைத்திருக்கிறார்கள். யானை அருகில் இருந்தால் கைப்பேசி மூலம் அவ்விளக்கு ஏற்றப்படும். அதைக் கண்டவர் அந்த வழியே போவதில்லை. பந்தலூர்ப் பக்கத்து அன்பர்கள் ஒருமுறை அங்கே சென்று பார்த்துவர வேண்டுமென்பது என் விருப்பம்.

மழையும் குளிரும்

2019 ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அத்தகைய மழை வேண்டாம். சாதாரணத் தென்மேற்குப் பருவமழையே விளக்கைக் கெடுக்கப் போதும். பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்று பொருள். ஐபிஎக்ஸ்7 என்று இருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி கிடந்தாலும் கெடாது என்று பொருள். நமக்கு முதலாவதற்குக் குறைந்தது உதவாது. மின்னேற்றும் துளையை மூடும் ரப்பர் அடைப்பானே முதலில் கெடுவது. வாங்கும்போதே அதை இழுத்துப் பாருங்கள்.

மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நாட்கணக்கில் நிற்பதும் உண்டு. அப்போது மின்னேற்ற முடியாத விளக்கு வெறும் பொம்மை. ஆகையால் பாட்டரியைக் கழற்றி மாற்றக் கூடிய விளக்கையே நான் விரும்புவேன். உபரியாக ஒரு பாட்டரி வீட்டில் இருக்கட்டும். பென்சில் பாட்டரியில் எரியும் விளக்கானால், ஊர்ப் பெட்டிக்கடையிலேயே மாற்றுக் கிடைக்கும். அந்த ஒரு சௌகரியத்துக்காக ஒளி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. உதகைப் பக்கம் உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் குளிரால் பாட்டரியின் பலம் குறையும். இரவில் விளக்கை வண்டியில் விடாமல் வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். உறைபனிக் குளிரில் விறைத்த லித்தியம் பாட்டரியை உடனே மின்னேற்றுவது அதன் ஆயுளைக் குறைக்கும். அறையின் சூட்டுக்கு வந்த பின் ஏற்றுங்கள்.

மேற்சொன்ன எல்லாவற்றையும்விட நம் மலைக்கே உரிய ஒரு குணத்தை விளக்கில் தேட வேண்டும். அது வண்டியிலிருந்து ஒரே கையால் கழன்று வர வேண்டும். நம் பயணத்தில் பாதி மிதிப்பது, பாதி தள்ளுவது. தள்ளும்போது கைப்பிடி ஆடும், ஒளியும் ஆடும். பக்கத்துப் புதரில் சலசலப்புக் கேட்டால் வண்டியைத் திருப்பியா பார்க்க முடியும்? விளக்கைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வண்டியை வாசலில் விட்டு வீட்டுக்கு ஏறும் ஐம்பது படியையும் அதே விளக்கு காட்ட வேண்டும். திருகாணியால் இறுக்கி மாட்டிய அழகான விளக்குகள் இதற்கு உதவா. ரப்பர் பட்டையோ தட்டினால் விடும் கொக்கியோ உள்ளதே ஏற்றது. ஆனால் குலுங்கும் சாலையில் அது தானே கழன்று விழக்கூடாது. ஒரு கயிற்றால் கைப்பிடியோடு கட்டி வையுங்கள்.

ஊராட்சி செய்யக் கூடியது

விளக்கு வாங்குவது வீட்டார் பொறுப்பு. ஆயினும் ஊராட்சியும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதில் செய்யக் கூடியது உண்டு. இருபது, முப்பது பேர் சேர்ந்து ஒரே வகை விளக்கை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். அதைவிட முக்கியம், ஒன்றை முதலில் மாதிரிக்கு வாங்கிச் சோதிக்கலாம். மாலையில் முழுதும் மின்னேற்றி எரியவிட்டு, எத்தனை மணிக்கு மங்குகிறதென்று குறித்துக் கொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். இரண்டிலும் தேறினால் மீதியை வாங்குங்கள்.

இன்னொன்று, எந்த விளக்குக்கும் எதிரே பதில் சொல்ல ஒரு பொருள் வேண்டும். கறுத்த தார்ச்சாலையும் கறுத்த பள்ளமும் ஒளியைத் திருப்பித் தருவதில்லை. சாலையோரக் கற்களுக்கும் சிறு பாலங்களின் கைப்பிடிச் சுவர்களுக்கும் வெள்ளையடித்து, திருப்பங்களில் ஒளி திருப்பும் தகடு பதித்தால், சிறிய விளக்கும் பெரிய விளக்கின் வேலையைச் செய்யும். எந்தெந்தத் திருப்பம் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களைவிட விடியுமுன் தொழிற்சாலைக்குப் போகிறவரே நன்கு அறிவார். அவரைக் கிராம சபைக்கு அழைத்து, அவர் சொல்லும் இடங்களை வரிசையாகத் தீர்மானத்தில் எழுதி அனுப்புங்கள். பள்ளித் தலைமையாசிரியரையும் அழையுங்கள். சிறப்பு வகுப்பு முடிந்து எந்தப் பிள்ளை எந்தப் பாதையில் போகிறதென்ற கணக்கு அவரிடம் இருக்கும். அந்தக் கணக்கையும் தீர்மானத்தோடு சேர்த்துக் கொள்ளலாம். அதே பாதையில் போகும் பிள்ளைகளைக் கூட்டாக அனுப்பினால், முன்னே செல்லும் ஒரு நல்ல விளக்கு நால்வருக்குப் பயன்படும். கடைசியாகச் செல்லும் வண்டியின் பின்னே சிவப்பு விளக்கோ சிவப்புக் கண்ணாடியோ கட்டாயம் இருக்கட்டும்.

வரும்போது வீட்டிலுள்ள விளக்குகளை எடுத்து வாருங்கள் என்று கேட்டிருந்தேன். பலர் கொண்டு வந்திருப்பதைக் காண்கிறேன். மேசையின் மேல் அவற்றை வையுங்கள். சன்னல்களைச் சாத்தி இக்கூடத்தை இருட்டாக்கச் சொல்லியிருக்கிறேன். எதிர்ச்சுவரில் தரையிலிருந்து 40, 60, 80 சென்டிமீட்டர் உயரத்தில் சுண்ணாம்பினால் கோடு போட்டிருக்கிறது. ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்போம்.